அப்பாவின் கண்ணும் விஸ்கொன்சின் நாய்களும்

எங்கட வீடுகளில் சீனி வருத்தம் என்றால் கதை முழுக்கச் சீனியைப் பற்றித்தான். இண்டைக்கு எவ்வளவு காட்டினது, குரக்கன் பிட்டு நல்லதோ, மாம்பழம் ஒரு துண்டு பரவாயில்லையோ. கலியாண வீட்டில் இரண்டு மாமாமார் சந்தித்தால், சுகமோ என்று கேட்ட கையோடு அந்த இலக்கத்தைத்தான் கேட்பார்கள். ஆனால் அந்த வருத்தம் ஆளை விழுத்துகிற இடம் இரத்தக் குழாய். கண் மங்குவது, சிறுநீரகம் பழுதாவது, கால்விரல் கறுப்பது, மாரடைப்பு, பாரிசவாதம் எல்லாமே பெரும்பாலும் குழாய்களில் தொடங்குகிற கதைகள். அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. கதைத்தாலும் "அது சீனி கூடினா வரும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம்.

எனக்கும் அந்த ஒரு வரி போதுமாகத்தான் இருந்தது, போன வருடம் அப்பா ஒரு கேள்வி கேட்கும் வரைக்கும்.

அப்பாவுக்கு 42 வயதில் சீனி வருத்தம் பிடிபட்டது. அப்போது அவருக்கு ரொறன்ரோவில் இரண்டு வேலை. பகலில் தொழிற்சாலை, இரவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுதல். குளிசை எடுத்தார், எடுக்காமலும் விட்டார். சாப்பாடு கிடைத்த நேரத்தில் கிடைத்தது. பத்து வருடம் அப்படிப் போனது. அந்தக் காலம் முழுக்கக் கண் டொக்டர் ஒரு குறையும் சொல்லவில்லை. பிறகு 52 வயதில் ஒரு நாள் திடீரென்று ஆளே மாறிவிட்டார். காலையில் ஒரு மணித்தியாலம் நடை, நேரத்துக்கு மருந்து, பிறகு இன்சுலின். பன்னிரண்டு வருடமாக அவருடைய ஏ1சி 7க்குக் கீழே. எங்கள் குடும்ப வைத்தியர் மற்ற நோயாளிகளுக்கு உதாரணமாகச் சொல்லும் அளவுக்கு ஒழுங்கு. அந்தப் பன்னிரண்டு வருடத்துக்குள்தான் விழித்திரை பழுதாகத் தொடங்கியது. முதலில் லேசர். இப்போது சில மாதத்துக்கு ஒருமுறை கண்ணுக்குள்ளேயே ஊசி.

"பிள்ளை, நான் ஒழுங்கில்லாமல் திரிஞ்ச காலத்தில கண் நல்லா இருந்தது. ஒழுங்கா இருக்கத் தொடங்கினாப் பிறகுதான் பழுதாகுது. இது என்ன நியாயம்?"

கண் டொக்டரிடம் எங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அவரும் நல்ல மனிதர்தான். "பழைய பாதிப்பு" என்றார், அடுத்த ஊசிக்குத் திகதி தந்தார். அப்பா தலையாட்டினார். காருக்குள் ஏறிய பிறகு, "அவருக்கும் தெரியேல்லைப் போல" என்றார்.

நான் மென்பொருள் எழுதுகிற ஆள், மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் ஒரு பிழை ஏன் வருகிறது என்று தெரியாமல் நித்திரை கொள்ள முடியாத தொழில் இது. பிள்ளைகள் படுத்த பிறகு வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க ஒரு விடயம் தெளிவானது. சீனி குழாயை என்ன செய்கிறது என்று மனிதருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எலி, முயல், நாய் ஆகியவற்றின் குழாய்களிலிருந்து வந்தது. மனிதரின் பெருநாடியை வெட்டி எடுத்துப் பரிசோதிக்க யாரும் விடமாட்டார்கள்.

முதலில் எலிக்குச் சீனி வருத்தத்தை எப்படி வரப்பண்ணுவது? மிகவும் பழகிய வழி ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற மருந்து. மண்ணில் வாழும் ஒரு பக்டீரியாவிலிருந்து எடுத்தது. அது பார்வைக்குக் குளுக்கோஸ் மாதிரி இருப்பதால், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா கலங்கள் அதைக் குளுக்கோஸ் என்று நம்பித் தங்கள் வாசலால் உள்ளே விட்டுவிடும். உள்ளே போனதும் கலத்தைக் கொன்றுவிடும். ஒரு ஊசி, இரண்டு மூன்று நாளில் எலிக்குச் சீனி ஏறிவிடும். இது 1963 அளவில் தெரியவந்தது. அதற்கு இருபது வருடம் முன்பே அலொக்சான் என்ற இன்னொரு இரசாயனம் முயல்களில் இதே வேலையைச் செய்வதைக் கண்டிருந்தார்கள்.

சில கிழமை கழித்து அந்த எலியின் பெருநாடியை எடுக்கிறார்கள். இரண்டு மில்லிமீற்றர் அளவு அகலமான குழாய் அது. அதைச் சின்ன வளையங்களாக வெட்டுவார்கள், இடியப்பத் தட்டில் விழுந்த ஒரு துண்டு நூடில்ஸ் மாதிரி. வளையத்துக்குள் இரண்டு கம்பிக் கொழுக்கி. ஒன்று அசையாது, மற்றது விசையை அளக்கும் கருவியில். இதெல்லாம் 37 பாகை வெப்பத்தில், ஒட்சிசன் குமிழி விடும் உப்புக் கரைசலுக்குள். எலி இல்லை, ஆனால் குழாய் இன்னும் மணிக்கணக்காக உயிரோடு இருக்கும். ஒரு மருந்து விட்டால் சுருங்கும். பிறகு அசற்றைல்கோலின் விட்டால் தளரும்.

இந்தத் தளர்ச்சிக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. நியூயோர்க்கின் புரூக்ளினில் றொபேட் பேர்ச்கொட் என்பவர் முயலின் பெருநாடியில் வேலை செய்துகொண்டிருந்தார். சில வேளை அசற்றைல்கோலின் விட்டால் குழாய் தளர்ந்தது, சில வேளை தளரவில்லை. குழாயை வெட்டும்போது உட்பக்கம் எங்காவது உரசுப்பட்டால் தளர்வதில்லை என்பதைக் கண்டுபிடித்தார். அதாவது, குழாயின் உட்பக்கத்தில் ஒரே ஒரு கலத் தடிப்பில் ஒரு படலம் இருக்கிறது, எண்டோதீலியம் என்று பெயர். அசற்றைல்கோலினின் சொல்லைக் கேட்பது அந்தப் படலம்தான். கேட்டுவிட்டு, வெளியே சுற்றியிருக்கும் தசைக்குத் "தளர்" என்று தகவல் அனுப்புகிறது. 1980இல் இதை வெளியிட்டார். அந்தத் தகவல் நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயு என்பது பிறகு தெரிந்தது. 1998இல் பேர்ச்கொட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு. அதுவரை அந்தப் படலத்தை வெறும் உள்பூச்சு என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள்.

சீனி வருத்தம் வந்த எலியின் வளையத்துக்கு அசற்றைல்கோலின் விட்டால், ஒழுங்காகத் தளர்வதில்லை. அரைகுறையாகத் தளரும். அடுத்த படிதான் எனக்குப் பிடித்த இடம். அதே வளையத்துக்கு நைட்ரிக் ஒக்சைட்டைத் தானே வெளிவிடும் ஒரு மருந்தை நேரடியாக விடுகிறார்கள். இப்போது பெரும்பாலும் நன்றாகவே தளர்கிறது. அப்படியென்றால் தசையில் பிழை இல்லை. செய்தி சொல்லவேண்டிய படலத்தில்தான் பிழை. நாங்கள் வேலையில் செய்வதும் இதேதான். நடுவில் இருக்கிற சேவையைத் தாண்டி நேரே பின்னாலுள்ள சேர்வரைக் கூப்பிட்டுப் பார்ப்போம். அது பதில் தந்தால் பிழை நடுவில். பெருநாடியை வைத்துக்கொண்டு யாரோ பிழை தேடியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது, எனக்கு அந்த உலகம் கொஞ்சம் கிட்ட வந்தது.

ஏன் அந்தப் படலம் மட்டும் முதலில் அடிபடுகிறது? உடம்பில் பல கலங்கள், வெளியே சீனி கூடினால் தங்கள் வாசலைக் கொஞ்சம் சாத்திக்கொள்ளும். எண்டோதீலியக் கலங்களுக்கு அந்தக் கெட்டித்தனம் போதாது. வெளியே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் உள்ளே வரும். உள்ளே வந்த அளவுக்கதிகமான சீனியை எரிக்கும்போது மைற்றோகொண்ட்ரியாவிலிருந்து சுப்பரொக்சைட் என்ற பொல்லாத மூலக்கூறு கூடுதலாக வெளிவருகிறது. அது நைட்ரிக் ஒக்சைட்டைப் பிடித்துத் தின்றுவிடும். தகவல் எழுதப்படுகிறது, போய்ச் சேருவதில்லை. இந்தச் சங்கிலியை 2001இல் ஒன்றாகக் கோத்துக் காட்டியவர் நியூயோர்க்கில் மைக்கல் பிரவுண்லீ. அவருக்கே சின்ன வயதிலிருந்து முதலாம் வகைச் சீனி வருத்தம்.

கண்ணின் கதை இன்னும் நுணுக்கம். விழித்திரையில் இருப்பவை மயிரிழையிலும் மெல்லிய குழாய்கள். அவற்றைச் சுற்றி, கொடியைப் பிடித்திருக்கும் கைபோல, பெரிசைட் என்ற கலங்கள் அணைத்துக்கொண்டிருக்கும். 1960 அளவில் அமெரிக்காவில் குவபாரா, கோகன் என்ற இரண்டு பேர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். விழித்திரையை ட்ரிப்சின் என்ற நொதியத்தில் ஊறப்போட்டால் மற்றதெல்லாம் கரைந்து, குழாய்களின் வலை மட்டும் மிஞ்சும். அதைக் கண்ணாடியில் விரித்துப் பார்த்தால் ஒவ்வொரு கலத்தையும் எண்ணலாம். சீனி வருத்தக்காரரின் வலையில் முதலில் காணாமல் போவது அந்தப் பெரிசைட்டுகள். பிடித்திருந்த கை போனதும், குழாயில் அங்கங்கே சின்னப் பலூன்போல வீக்கம். சில குழாய்கள் உள்ளே இரத்தமே ஓடாத வெறுங்கூடாகிவிடும். மூச்சுக்கு ஏங்கும் விழித்திரை, புதுக் குழாய் வேண்டுமென்று சமிக்ஞை அனுப்பும். அந்தப் புதுக் குழாய்கள் பலவீனமானவை, கசிபவை. அப்பாவின் கண்ணுக்குள் போடுகிற ஊசி அந்தச் சமிக்ஞையை அடக்கத்தான்.

இதெல்லாம் விளங்கியும் அப்பாவின் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. அது கிடைத்தது அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், மடிசன் நகரத்து நாய்களிடம்.

றொனால்ட் எங்கர்மன், திமோதி கேர்ண் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே பல வருடம் பொறுமையாக ஒரு வேலை செய்தார்கள். எலிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான், விழித்திரை மனிதரைப்போலப் பழுதாக அது காணாது. நாய்க்குக் காணும். அலொக்சான் கொடுத்து நாய்களுக்குச் சீனி வருத்தத்தை உண்டாக்கி மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்துக்கு ஐந்து வருடமும் சீனி கூடத்தான். இரண்டாவது கூட்டத்துக்கு ஐந்து வருடமும் இன்சுலினை ஒழுங்காகக் கொடுத்து நல்ல கட்டுப்பாடு. மூன்றாவதுதான் முக்கியம்: முதல் இரண்டரை வருடம் கட்டுப்பாடில்லை, அடுத்த இரண்டரை வருடம் நல்ல கட்டுப்பாடு.

மூன்றாவது கூட்டத்தின் விழித்திரையில், இரண்டரை வருட முடிவில் ஒன்றும் இல்லை, அல்லது இருந்தும் இல்லை என்று சொல்லக்கூடிய அளவு. அதற்குப் பிறகு சீனி ஒழுங்காக இருந்தது. ஆனால் அந்த ஒழுங்கான இரண்டரை வருடத்துக்குள்தான் கண் பழுதானது.

1987இல் வெளிவந்த அந்தக் கட்டுரையை நான் வாசித்தது ஒரு வியாழக்கிழமை இரவு, பதினொன்றரை இருக்கும். திரும்ப ஒருமுறை வாசித்தேன். அப்பாவின் கதை அப்படியே அதற்குள் இருந்தது. கண் டொக்டர் சொன்ன "பழைய பாதிப்பு" என்ற இரண்டு சொல்லுக்குள் இவ்வளவு கிடந்திருக்கிறது.

ஆய்வாளர்கள் இதற்கு இப்போது வளர்சிதை நினைவு என்று பெயர் சொல்கிறார்கள். குழாய்க்கு ஞாபகம் இருக்கிறதாம். மனிதரிலும் இது தெரிந்தது. 1993இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் முதலாம் வகைச் சீனி வருத்தம் உள்ள 1,441 பேரைச் சராசரியாக ஆறரை வருடம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு முடிந்தது. ஒரு பாதிக்குக் கடும் கட்டுப்பாடு, ஏ1சி 7 அளவில். மறு பாதிக்கு வழமையான வைத்தியம், 9 அளவில். கண், சிறுநீரகம், நரம்பு எல்லாவற்றிலும் முதல் பாதிக்கு நன்மை. ஆய்வு முடிந்ததும் எல்லோருக்கும் கடும் கட்டுப்பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள். சில வருடத்தில் இரண்டு பக்கத்தாரும் 8 அளவில் வந்து சமமாகிவிட்டார்கள். ஆனாலும் முன்பு ஒழுங்காக இருந்தவர்களின் கண் வருடக்கணக்காகப் பின்னும் நன்றாக இருந்தது. மற்றவர்களுடையது பின்தங்கியே இருந்தது. இரண்டாம் வகையிலும் பிரித்தானியாவின் நீண்ட ஆய்வு ஒன்று 2008இல் இதே மாதிரியான ஒரு மிச்சப் பலனைக் காட்டியது. (சீனியை மிக வேகமாக இறக்கும்போது முதல் மாதங்களில் கண் கொஞ்சம் மோசமாகக்கூடும் என்பதும் அந்த 1993 ஆய்விலேயே தெரிந்ததுதான். அதனால்தான் இன்சுலின் தொடங்க முன்பு கண்ணைக் காட்டச் சொல்கிறார்கள். அப்பாவின் விடயத்தில் காலம் நீண்டது; இதை மட்டும் காரணம் சொல்ல முடியாது.)

ஞாபகம் எங்கே எழுதப்படுகிறது? மெல்பேர்ணில் சாம் எல்-ஒஸ்டாவின் குழு 2008இல் காட்டியது இது. பெருநாடியின் எண்டோதீலியக் கலங்களை 16 மணித்தியாலம் மட்டும் கூடிய சீனியில் வைத்தார்கள். பிறகு ஆறு நாள் சாதாரண சீனி. அந்த ஆறு நாளும், அழற்சியைத் தூண்டும் ஒரு மரபணு திறந்தபடியே இருந்தது. மரபணுவின் எழுத்து மாறவில்லை. அதைச் சுற்றியிருக்கும் புரதத்தில் ஒரு சின்ன இரசாயன அடையாளம் ஒட்டிக்கொண்டது. கொன்ஃபிக் கோப்பைத் திருத்திவிட்டோம், ஆனால் பழைய பெறுமானம் எங்கேயோ கேஷில் கிடக்கிறது என்று என் அலுவலக நண்பரிடம் சொன்னேன். அவர் உடனே விளங்கிக்கொண்டார். அப்பாவிடம் அப்படிச் சொல்ல முடியாது. அவரிடம், "சட்டியில அடிப்பிடிச்ச பால் மாதிரி அப்பா, அடுப்பை நூத்தாலும் மணம் போகாது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப நான் பன்னிரண்டு வருஷம் நடந்தது சும்மாவோ?"

சும்மா இல்லை. அதே நாய்களில் முதல் கூட்டம் ஐந்து வருடமும் சீனி கூடவே இருந்த கூட்டம். அவற்றின் கண்தான் ஆக மோசம். அப்பா 52இல் நிறுத்தியிராவிட்டால் எங்கே நின்றிருப்பார் என்பதை அந்தக் கூட்டம்தான் காட்டுகிறது. இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த ஆறுதலை நான் எதிர்பார்க்கவில்லை. யாரோ ஒருவர் அவருடைய கணக்கை ஒழுங்காகக் கூட்டிக் காட்டியதுபோல. பதில் கெட்ட செய்தியாக இருந்தாலும், பதில் இருப்பதே ஒரு ஆறுதல்தான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

இங்கே ஒரு பக்கக் கதை. நான் இப்படி வாசிப்பது குடும்ப வட்ஸ்அப் குழுவுக்குத் தெரிந்துவிட்டது. பாவற்காய், வெந்தயம், ஆவாரம்பூ, கறுவா என்று வரிசையாக வரத் தொடங்கியது. "இது ஆராய்ச்சியில நிரூபிச்சது" என்று ஒரு மாமி குரல் பதிவும் போட்டார். பொய்யில்லை. இந்தியாவில், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்தும், ஸ்ட்ரெப்டோசோட்டோசின் கொடுத்த எலிகளில் இந்த மூலிகைகளைச் சோதித்த கட்டுரைகள் நிறையவே வந்திருக்கின்றன. பல எலிகளுக்குச் சீனி இறங்கியும் இருக்கிறது. ஆனால் அந்த எலிக்கு வந்தது என்ன? ஒரே நாளில் நஞ்சால் பீட்டா கலங்கள் செத்த வருத்தம். என் மாமாவுக்கு வந்தது இருபது வருடமாக இன்சுலினுக்குச் செவிடாகிப்போன வருத்தம். இரண்டுக்கும் ஒரே பெயர், அவ்வளவுதான்.

எலியில் வென்று மனிதரில் தோற்றதற்கு நல்ல உதாரணம் சோர்பினில் என்ற மருந்து. சீனி வந்த எலிக்குக் கண்புரை விரைவாக வரும். அதன் கண்வில்லையில் குளுக்கோசைச் சோர்பிட்டோலாக மாற்றும் ஒரு நொதியம் நிறைய இருப்பதுதான் காரணம். அந்த நொதியத்தை அடக்கினால் எலிக்குக் கண்புரை வராது. எல்லோரும் துள்ளினார்கள். 1990இல் மனிதரின் விழித்திரையில் சோதித்த முடிவு வந்தது, குறிப்பிடும்படி பலனில்லை. இன்னொன்று, சாதாரண சுண்டெலிக்கு மாரடைப்பு வருத்துகிற மாதிரிக் குழாயில் கொழுப்பே படியாது. ஒரு மரபணுவை எடுத்துவிட்டால்தான் படியும். புதுக் குழாய் முளைத்துக் கசிகிற அந்தக் கடைசிக் கட்டக் கண் வருத்தமும் சீனி வந்த எலிக்கு வருவதில்லை. ஆகவே "எலியில்" என்ற சொல்லைக் கண்டால், எந்த எலி, எப்படி வருத்தம் வந்தது, எந்தக் குழாய் என்று கேட்கவேண்டும். மாமியிடம் இதைச் சொன்னேன். "நீ பாவற்காய் சாப்பிடுறது எண்டால் சாப்பிடு, ஏன் இவ்வளவு கதை" என்றார். பாவற்காய்க் கறி நல்லதுதான். குளிசையை நிறுத்திவிட்டுச் சாப்பிடாதவரை.

மறுபக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். அப்பிள் மரப் பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த புளோரிசின் என்ற பொருள், சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றும். 1987இல் சீனி வருத்தமுள்ள எலிகளுக்கு அதைக் கொடுத்துச் சீனியை இறக்கியபோது, இன்சுலினுக்குச் செவிடாக இருந்த உடம்பு திரும்பக் கேட்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்ததுதான் அப்பா இப்போது காலையில் போடுகிற குளிசை. 2015இல் அந்த வகை மருந்து ஒன்று இதய நோயால் சாவதைக் குறைக்கிறது என்று மனிதரிலேயே காட்டினார்கள். எலிக்கும் எங்களுக்கும் நடுவில் 28 வருடம்.

எங்கட ஆட்களைப் பற்றி யோசிக்க வைத்த மூன்று எலிகளையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று மணல் எலி. வட ஆபிரிக்க, மத்திய கிழக்குப் பாலைவனத்தில் உப்புச் செடியின் இலை தின்று சும்மா சுகமாக வாழ்கிற பிராணி. 1960களில் அதை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து, மற்ற எலிகள் தின்னும் சாதாரணத் தீனியைக் கொடுத்தார்கள். அந்தத் தீனி மற்ற எலிக்கு ஒன்றும் செய்யாது. மணல் எலி கொழுத்தது, சீனி வருத்தம் வந்தது. இடம் மாறினதும் சாப்பாடு மாறினதும் தவிர அதற்கு யாரும் ஒரு ஊசியும் போடவில்லை. 80களில் ஊரைவிட்டு வந்த எத்தனை பேரை எனக்கு இது ஞாபகப்படுத்தியது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, யப்பானில் செண்டாய் நகரத்தில் 1970களில் உருவாக்கிய கோட்டோ-காக்கிசாக்கி எலி. சீனியைச் சமாளிக்கக் கஷ்டப்படும் எலிகளையே தெரிந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வளர்த்தார்கள். அதற்குச் சீனி வருத்தம் இருக்கிறது, ஆனால் ஆள் மெலிவு. "அவருக்கென்ன, ஒல்லியான மனுசன், சீனி வராது" என்று சொல்கிறவர்களுக்கு இந்த எலியைக் காட்டலாம். என் அப்பாவையும் காட்டலாம்.

மூன்றாவதுதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. இந்தியாவில் ஒரு எலிக் கூட்டத்தை 50 தலைமுறைக்கு அரைவயிற்றுச் சாப்பாட்டில் வளர்த்திருக்கிறார்கள். புனேயின் யாஜ்னிக்கும் சிட்னியின் ஹார்டிகரும் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வு. அந்த எலிகளுக்கு இன்சுலின் கூட, அது வேலை செய்வது குறைவு, சீனி வருத்தம் எளிதில் வரும். பிறகு இரண்டு தலைமுறைக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்தார்கள். திருந்தவில்லை.

இரண்டு தலைமுறை. நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் அரிசித் தட்டுப்பாடு; அப்பா பள்ளிக்கூடம் போனது மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டுத்தான். அவருக்குப் பின் நான், எனக்குப் பின் என் பிள்ளைகள். எலி மனிதன் இல்லை, 50 தலைமுறைப் பட்டினி எங்களுக்கு இல்லை, இந்தக் கணக்கை அப்படியே எங்களுக்குப் போடக்கூடாது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். ஆனாலும் போன மாதம் என் ஏ1சி 6.1. கனடாவில் 6 தாண்டினால் சீனி வருத்தத்துக்கு முந்திய நிலை என்பார்கள். எனக்கு 36 வயது, நானும் மெலிவுதான்.

கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லண்டன், ஒன்ராறியோவில் இருக்கிற பாண்டிங் வீட்டுக்குப் போனோம். ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம். 1920 ஒக்ரோபர் 31 அதிகாலை, பிரெடெரிக் பாண்டிங் எழும்பி இன்சுலினைப் பற்றிய யோசனையை எழுதிவைத்த படுக்கையறை அங்கே இருக்கிறது. வெளியே 1989இல் ஏற்றிய ஒரு தீபம். சீனி வருத்தத்தை முற்றாக மாற்றும் மருந்து வரும் நாளில்தான் அதை அணைப்பார்களாம். என் மகன் அதை ஊதி அணைக்கலாமோ என்று கேட்டான்.

மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு நாய்களைப் பற்றித்தான் கேள்வி. 1921 கோடையில் பாண்டிங்கும் சார்ள்ஸ் பெஸ்டும் ரொறன்ரோவில் நாய்களின் கணையத்தை எடுத்துச் சீனி வருத்தத்தை உண்டாக்கினார்கள். மார்ஜரி என்று பெயர் வைத்த ஒரு நாய், அவர்கள் செய்த சாறின் உதவியால் ஏறக்குறைய 70 நாள் உயிரோடு இருந்தது. அடுத்த ஜனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையன் ரொறன்ரோ ஆஸ்பத்திரியில் பிழைத்தான்.

"அம்மா, பிறகு மார்ஜரிக்கு என்ன நடந்தது?"

"செத்துப்போச்சுது அம்மா."

"அதுக்கு முதலே வருத்தம் இருந்ததோ?"

"இல்லை. அவையள்தான் வரப்பண்ணினவை."

அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் பூசி மெழுகவில்லை. பெரியவர்களுக்கே இதற்குச் சரியான பதில் இல்லை. இன்றைக்கு நாய்களில் இப்படி ஆய்வு செய்வது முன்பைவிட மிகக் குறைவு, ஒவ்வொன்றுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், பல வேலைகளை வளர்த்தெடுத்த மனிதக் கலங்களிலேயே செய்கிறார்கள் என்று சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் மடிசன் நாய்களும் கடைசியில் கண்ணைக் கொடுத்துத்தான் அந்தப் பதிலைத் தந்தன, அந்தப் பதிலை வைத்துத்தான் அவளுடைய அம்மப்பா ஆறுதல் அடைந்தார் என்பதும் உண்மை. திரும்பி வரும் வழியில் காருக்குள் அவள், "அம்மப்பாவுக்கு மார்ஜரியைத் தெரியுமோ?" என்று கேட்டாள். தெரியாது, நீயே சொல்லு என்றேன்.

சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவின் வீட்டில், பாதி தமிழ் பாதி இங்கிலீஷில், மார்ஜரியையும் மடிசன் நாய்களையும் கலந்து ஒரே நாயாக்கி. அப்பா முழுக்கக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, அந்த ரெண்டாவது கூட்டம். அஞ்சு வருஷமும் தொடக்கத்திலேயே ஒழுங்கா வைச்சிருந்த நாயள். அதுகளின்ர கண் என்னமாதிரி?"

"பெரும்பாலும் தப்பிட்டுது அப்பா."

"உன்ர அந்த 6.1. திரும்ப எப்ப ரெஸ்ட்?"

செப்ரெம்பர் 14 என்றேன். அம்மா சமையலறையிலிருந்து, அது தன்னுடைய பல் டொக்டருக்குப் போகும் நாள், காரை யார் ஓட்டுவது என்று கேட்டார். அப்பா தனக்குச் சப்பாத்தைத் தேடினார். சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் நடக்கப் போவது அவருடைய வழக்கம். அன்றைக்கு நானும் போனேன், மகளும் வந்தாள். மூன்றாவது சந்தி வரைக்கும்தான். அதற்குப் பிறகு அவளுக்குக் கால் நொந்தது.